அவர்களுக்கு வாரிசுரிமை, நமக்கு ஒதுக்கீட்டு ஆணை

பெரிய வீட்டுப் பாகப்பிரிவினையைப் பற்றி எழுதும்போது நம்ம பத்திரிகைகளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கண்ணீர் வருமோ தெரியவில்லை. 'பாரம்பரியமிக்க குடும்பம்', 'தலைமுறை தலைமுறையாக', 'வாரிசுப் போர்' என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பூட்டிக் கிடக்கும் பங்களாவின் தேக்குத் தூணுக்காக ஒரு பாட்டம் அழுவார்கள். அதே பத்திரிகையின் உள்பக்கத்தில் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று நாலு வரி இருக்கும். அங்கே இடிபட்டதும் வீடுதான். அங்கேயும் பாட்டன், அப்பன், பிள்ளை என்று மூன்று தலைமுறை சமைத்துச் சாப்பிட்டு, செத்து, பிறந்திருக்கிறது. ஆனால் அதுக்குப் பாரம்பரியம்னு பேர் கிடையாது. குடிசைன்னு பேர்.

நான் பெரும்பாக்கத்தில், எட்டு அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்க குடும்பமும் எங்க தெருவும் இங்கே வந்து சேர்ந்தோம். அரண்மனை யாருக்குப் போச்சு, எப்படிப் போச்சு என்பதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். இருக்கிறது. வாரிசுரிமை என்பது ரத்தத்தில் ஓடுவது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது காகிதத்தில் ஓடுவது. அந்தக் காகிதத்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்பதைச் சாதி முடிவு செய்தது, அரசு கையெழுத்துப் போட்டது. இதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டு ராஜா குடும்பம். கானாடுகாத்தான் அரண்மனை 1912இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் அண்ணாமலைச் செட்டியார். 1881இல் பிறந்து 1948இல் இறந்தவர். 1929இல் வெள்ளைக்காரன் அவருக்கு 'ராஜா' பட்டம் கொடுத்தான். அதுவும் எப்படிப்பட்ட பட்டம்? வாரிசுக்கும் போகிற பட்டம். அவருக்குப் பிறகு மகன் முத்தையா செட்டியார் ராஜா. 1933இல் சென்னை மாநகராட்சியின் முதல் மேயர். அமைச்சராகவும் இருந்தவர். 1984இல் அவர் இறந்தார். அவர் மகன் எம்.ஏ.எம். ராமசாமி. கப்பல் மாதிரி பெரிய தொழில்கள், பந்தயக் குதிரைகள், ராஜ்யசபா உறுப்பினர் பதவி. சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிற செட்டிநாடு அரண்மனையில்தான் வாழ்ந்தார்.

வீடுகள் மட்டும் இறங்கி வரவில்லை, கவனியுங்கள். சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் பதவியும் அப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. கல்விக் கூடத்தின் நாற்காலிக்கும் வாரிசு. 2013இல் அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளும் வரைக்கும் இதுதான் நிலைமை. நம்ம ஆட்களில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கினவர்கள் எத்தனையோ பேர் அங்கே படித்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்காலி பிறப்பால் வருகிறது, பெஞ்சு மனுப்போட்டால் கிடைக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது.

எம்.ஏ.எம். ராமசாமிக்குப் பிள்ளை இல்லை. 1996இல் ஒருவரைத் தத்தெடுத்தார். செட்டிநாட்டில் இதைப் 'பிள்ளை கூட்டுவது' என்பார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 2015 ஜூனில், அந்தத் தத்தை ரத்து செய்கிறேன் என்று ஊரறிய அறிவித்தார். சொத்தெல்லாம் அறக்கட்டளைக்குப் போகும் என்றார். அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி இறந்துபோனார். சண்டையோ அவரோடு முடியவில்லை. கோர்ட்டுக்குப் போச்சு.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. அது அவுங்க வீட்டு விஷயம். நான் பார்ப்பது அவர்கள் கையில் இருந்த ஆயுதங்களை. ஒரு பக்கம் தத்துப் பத்திரம். இன்னொரு பக்கம் உயில். ஒரு பக்கம் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற வாதம். இன்னொரு பக்கம் டிரஸ்ட். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 15ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? முறைப்படி எடுத்த தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. எடுத்த அப்பனாலும் முடியாது, தத்துப் போன பிள்ளையாலும் முடியாது. பாருங்கள், தோழர்களே. ஒரு காகிதத்தால் உண்டான உறவை, பெத்த உறவைவிடக் கெட்டியாகச் சட்டம் காப்பாற்றுகிறது. அரண்மனைக்குள்ளே கோபம் வரலாம், வசை வரலாம், அப்பனும் பிள்ளையும் முகம் பார்க்காமல் போகலாம். காகிதம் அசையாது. யார் ஜெயித்தாலும் சொத்து அந்த மதிலுக்குள்ளேயேதான் சுத்திவரும்.

போதாததற்கு, சாவுக்கு வரியும் கிடையாது. இந்தியாவில் 1953இல் எஸ்டேட் டூட்டி என்று ஒரு சட்டம் வந்தது. பெரும் பணக்காரர் செத்தால், வாரிசு கைக்குப் போகும் சொத்தில் ஒரு பங்கு அரசுக்கு. 1985இல் அதை எடுத்துவிட்டார்கள். 1957இல் வந்த சொத்து வரியையும் 2015 பட்ஜெட்டில் ஒழித்தார்கள். இங்கிலாந்தில் ஒரு வரம்புக்கு மேல் 40 சதவீதம் வாரிசு வரி. ஜப்பானில் அது 55 சதவீதம் வரைக்கும் போகும். அங்கே எத்தனையோ பிரபுக்கள் அந்த வரியைக் கட்ட முடியாமல் மாளிகைகளை விட்டார்கள். சமத்துவம், சோசலிசம் என்று அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிற நாட்டில், அரண்மனை கைமாறும்போது அரசுக்கு ஒத்தைக் காசு வாரிசு வரி இல்லை. நாம தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம்.

சரி, அந்த வீடுகள் எதால் கட்டினவை? பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்த சுவர் என்று சுற்றுலாக் கையேடு சொல்லும். பர்மாத் தேக்கு தானாக நடந்து காரைக்குடிக்கு வரவில்லை. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த பணம் அது. 1930இல் உலகமெங்கும் மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. கடன் வாங்கின பர்மிய விவசாயி கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் அது 25 சதவீதம். எட்டே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு. உழுதவன் பிள்ளைக்குப் போக வேண்டிய வாரிசுரிமை, அடமானக் காகிதத்தின் வழியாகக் கைமாறிப் போனது. ஒரு வீட்டில் வாரிசு உண்டாகணும்னா இன்னொரு வீட்டில் வாரிசு அழியணும். இதுதான் கணக்கு.

அதே வருஷங்களில் செட்டிநாட்டைச் சுற்றியிருந்த சேரிகளில் என்ன நடந்தது? கானாடுகாத்தானும் காரைக்குடியும் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, பெண்கள் மேல் உடம்பை மூடக்கூடாது என்று. 1931இல் அது பதினொன்றாக வளர்ந்தது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்கணும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிர் செய்யக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. 1931 மக்கள் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன், சாதியைப் பற்றிய தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தடை போட்டவர்கள் செட்டியார்கள் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தடைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நகை, துணி, படிப்பு, நிலம். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எதையெல்லாம் விட்டுப்போக முடியுமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடுத்திருக்கிறார்கள். அவமானப்படுத்துவது மட்டும் நோக்கம் என்றால் துணியோடு நிறுத்தியிருப்பான். நமக்கு வாரிசே இருக்கக்கூடாது என்பதுதான் அந்தப் பதினொன்றின் சாரம். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குப் பேரன் பேத்தி வரைக்கும் கணக்குப் போட்டு அறை ஒதுக்குகிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஒரு பங்கு. சேரியில் பிறக்கிற பிள்ளைக்கு மிராசுதாரர் வீட்டு மாட்டுக்கொட்டகைதான் பங்கு.

இந்த 'மிராசு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். அரபியிலிருந்து வந்த சொல். பொருளே வாரிசுரிமைதான். மிராசுதார் என்றால் பரம்பரைப் பாத்தியதை உள்ளவன். இந்த மிராசுக்கு ரொம்பப் பேர்போனது அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. இப்போது நான் உட்கார்ந்திருக்கிற பெரும்பாக்கமும், பக்கத்துச் சோழிங்கநல்லூரும், தாம்பரமும் அந்த ஜில்லாவின் மண்தான். அந்த மிராசில் நிலம் மட்டும் இல்லை, ஆட்களும் அடக்கம். 1819இல் சென்னை ரெவின்யூ போர்டு கலெக்டர்களிடம் அடிமைமுறை பற்றிக் கேட்டு வாங்கிய அறிக்கைகள் இருக்கின்றன. தமிழ் ஜில்லாக்களில் பறையரும் பள்ளரும் விற்கப்பட்டதையும், அடமானம் வைக்கப்பட்டதையும் அவற்றில் படிக்கலாம். 1843இல்தான் சட்டம் அடிமைமுறையை ஏற்க மறுத்தது. அதுவரைக்கும் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நிலம், மாடு, கிணறு என்று எழுதி, அதோடு நம்ம பாட்டன் பேரையும் எழுத முடிந்தது. நாம சொத்துக்கு வாரிசாக இருந்தவர்கள் இல்லை. சொத்தாக இருந்தவர்கள். யாரோ ஒரு அப்பன் செத்தால் யாரோ ஒரு மகனுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள்.

சட்டம் மாறியும் மண் மாறவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடிசை போட்டிருக்கும் இடம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரர் நினைத்தால் கிளப்பிவிடலாம், தரிசு நிலத்துக்கு மனுப்போட்டாலும் மிராசுதாரரே தடுக்கிறார் என்று விவரமாக எழுதினார். 1892இல் அரசு ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் பஞ்சமருக்கு ஒதுக்கப்பட்டது என்கிறோம். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, பிறகும் பஞ்சமருக்கு வெளியே கைமாறக்கூடாது என்பது நிபந்தனை. இந்தத் தேசத்தில் நமக்கு என்று எழுதப்பட்ட ஒரே உயில் அதுதான். அந்த உயிலை நிறைவேற்ற யார் வந்தார்கள்? நிபந்தனையை மீறி நிலம் எங்கெங்கோ போனது. செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினபோது, 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அரண்மனை உயிலுக்கு ஹைகோர்ட்டில் வக்கீல்கள் வாதாடுகிறார்கள். நம்ம உயிலுக்குத் துப்பாக்கி வாதாடுகிறது.

இப்போது தத்து விஷயத்துக்கு மறுபடி வருவோம். பிள்ளையில்லாத அரண்மனைகளும் பங்களாக்களும் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனையோ இருந்திருக்கின்றன. பிள்ளை கூட்டுவதற்கு ஆள் தேடி எங்கெங்கோ அலைந்திருக்கிறார்கள். எந்த வீடாவது ஒரு சேரிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வாரிசு ஆக்கினதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்படவில்லை. ரத்தம் முக்கியம் என்றால் தத்தே கூடாது. ரத்தம் முக்கியமில்லை என்றால் எந்தப் பிள்ளையையும் எடுக்கலாம். இரண்டும் இல்லாமல் சாதிக்குள்ளேயே ஏன் தேடுகிறார்கள்? வாரிசுரிமையில் ரத்தம் ஒரு சாக்கு. உள்ளே இருப்பது சாதி. சொந்தச் சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்கிற அகமணம்தான் சாதியின் சாரம் என்று பாபாசாகேப் 1916இலேயே சொன்னார். கல்யாணத்தில் கதவைச் சாத்துகிறவன் தத்திலும் சாத்துகிறான். சாத்தின கதவுக்கு உள்ளே இருப்பதுதான் 'குடும்பச் சொத்து'.

பெண்களுக்கும் அதே கதவுதான். பெரிய வீட்டுப் பெண்ணுக்கு நகை கொடுப்பார்கள், வைரம் கொடுப்பார்கள், பாத்திரம் பண்டம் வண்டி வண்டியாகச் சீர் அனுப்புவார்கள். வீடு ஆண்பிள்ளைக்கு. பெண்ணுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று இந்துச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். அதை நிறைவேற்ற விடாமல் இழுத்தடித்தார்கள். 1951இல் அவர் மந்திரி பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989இல் வந்தது, இந்தியா முழுக்க 2005இல். இன்றைக்குப் பெரிய வீட்டுப் பெண்கள் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்றால் அதற்கு ஒரு மகாரின் பேனாதான் காரணம். அவர்களில் எத்தனை பேர் வீட்டுச் சுவரில் அவர் படம் இருக்கும்?

எங்க அம்மா ஒரு பங்களாவில் இருபத்தி ரெண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தாள். எந்த வீடு என்று சொல்லத் தேவையில்லை, எல்லா வீடும் அப்படித்தான். பெரியவர் செத்துப்போனார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள், பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். எந்த அறையில் எந்த பீரோ, பரணில் எத்தனை அண்டா, எந்த அண்டாவுக்கு மூடி இல்லை, எதுவுமே அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார்கள். அம்மா சொல்லுவா: "அவுங்க வூட்டு கணக்கு மொத்தமும் என் வாய்ல இருந்துதான்டா பேப்பருக்குப் போச்சு. என் பேரு மட்டும் போவல." வீட்டை அறிந்தவளுக்கும் வீட்டுக்கு உரியவனுக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு காகிதம்தான்.

இனி நம்ம நகரத்தைப் பார்ப்போம். சென்னையில் ராஜா அண்ணாமலைபுரம் இருக்கிறது. அந்தச் செட்டிநாட்டு ராஜாவின் பேர் வைத்த பகுதி. மனுஷன் செத்து முக்கால் நூற்றாண்டு ஆச்சு, பேர் நிற்கிறது. தெருப்பெயரும் ஒரு வாரிசுரிமைதான். அதே ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரமாக, கோவிந்தசாமி நகர் இருந்தது. பல தலைமுறையாக மக்கள் வாழ்ந்த இடம். 2022 மே மாதம் கோர்ட் உத்தரவு என்று இடிக்க வந்தார்கள். கண்ணெதிரே வீடு இடிபடுவதைப் பார்த்த அறுபது வயதை ஒட்டிய ஒருவர் மே 8ஆம் தேதி தீக்குளித்தார். மறுநாள் இறந்தார். அதற்குப் பிறகுதான், பக்கத்திலேயே மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியில் வீடு தருவோம் என்று சட்டசபையில் முதலமைச்சர் சொன்னார். பக்கத்தில் இடம் இருந்திருக்கிறது, பாருங்கள். அதைச் சொல்ல வைக்க ஒரு உடம்பு எரிய வேண்டியிருந்தது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு பெருக்கெடுத்தது. எம்.ஏ.எம். ராமசாமி இறந்த அதே நாள்களில்தான் ஆற்றங்கரைக் குடிசைகள் அடித்துக்கொண்டு போயின. வெள்ளம் வடிந்ததும் ஆற்றங்கரை ஆபத்தான இடம் என்று அரசுக்கு ஞானம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு ஒன்றுதான். கரையும் ஒன்றுதான். அந்தக் கரையில் அரண்மனை இருக்கிறது, கிளப் இருக்கிறது, அடுக்குமாடி இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் பத்திரம் இருக்கிறது. வெள்ளம் பத்திரம் பார்த்து வராது. அரசு பத்திரம் பார்த்துத்தான் வருகிறது. ஐம்பது வருஷம் வாழ்ந்தவன் ஆக்கிரமிப்பாளன். பூட்டிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவன் உரிமையாளன்.

பெரும்பாக்கம் எப்படிப்பட்ட இடம்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டின ஊர். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். இங்கே மட்டும் இருபதாயிரத்தை ஒட்டிய வீடுகள். ஒவ்வொன்றும் நானூறு சதுர அடிக்கு உள்ளேதான். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாறியது. முன்பெல்லாம் குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தார்கள். இப்போது குடிசை இருந்த இடம் ஒரு பக்கம், மாடி இன்னொரு பக்கம். நடுவிலே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். அம்மா வேலை செய்த பங்களாவுக்கு இரண்டு பஸ் மாறிப் போகணும். ஊர் ஒரு பக்கம், சேரி தூரத்தில் ஒரு பக்கம் என்பது கிராமத்து வழக்கம் என்று சொல்லுவார்கள். நகரம் அதையே மாஸ்டர் பிளானில் வரைந்து வைத்திருக்கிறது. இதே பெரும்பாக்கத்தில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதுக் கட்டடத்தை 2022 ஜனவரியில் திறந்தார்கள். இரண்டாயிரம் வருஷத் தமிழின் வாரிசுரிமை அங்கே ஆராய்ச்சி ஆகிறது. பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு ஐம்பது வருஷ வாரிசுரிமையை நிரூபிக்க முடியவில்லை.

இங்கே எங்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. பத்திரம் கிடையாது. வீடு பெண்ணின் பேரில் ஒதுக்கப்படுகிறது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. அந்தப் பெண் செத்தால்? எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா செத்துப்போனாள். மகள் பேருக்கு மாற்றணும். வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அதை வாங்கப் போனால் பழைய முகவரி ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, செத்த சான்றிதழில் ஒன்று. பழைய முகவரிக்குப் போய் விசாரித்து எழுதி வாங்கி வா என்றார்கள். பழைய முகவரியை இடித்தாச்சே, யாரைப் போய் விசாரிப்பது? அந்தப் பெண் ஒன்றரை வருஷம் அலைந்தாள். தன் அம்மாவுக்குத் தான் மகள் என்று நிரூபிக்க. அரண்மனையில் தத்து வந்தவரைச் சட்டம் பிள்ளை இல்லை என்று சொல்ல விடாது. இங்கே பெத்த மகளைப் பிள்ளை என்று சொல்ல வைக்க முடியவில்லை.

நகரத்தின் பழைய வாரியக் குடியிருப்புகளில் தவணை கட்டி முடித்துப் பல வருஷம் ஆகியும் கிரயப் பத்திரத்துக்குக் காத்துக் கிடந்த குடும்பங்கள் எத்தனையோ. நிலம் ஒரு துறையின் பேரில், கட்டடம் இன்னொரு துறையின் பேரில் என்று இழுத்துக்கொண்டே போகும். தவணை கட்டின அப்பன் செத்து, மகன் செத்து, பேரன் காலத்தில் பத்திரம் வந்தால் அதிர்ஷ்டம்.

இரண்டு பதில்கள் வரும் என்று எனக்குத் தெரியும். முதலாவது, அவர்கள் சம்பாதித்தார்கள், கோயில் கட்டினார்கள், பல்கலைக்கழகம் கட்டினார்கள், உனக்கென்ன வயித்தெரிச்சல்? சம்பாதித்தவர் ஒருவர். வாங்குகிற வாரிசு எதைச் சம்பாதித்தார்? பிறந்தார், அல்லது தத்து வந்தார். பிறப்பால் தகுதி வருவது தப்பு என்று இட ஒதுக்கீட்டைப் பார்த்து மட்டும் கத்துகிறவர்கள், பிறப்பால் அரண்மனை வருவதைப் பற்றி ஒரு நாளாவது வாய் திறந்ததுண்டா? மெரிட் பேசுகிறவர்கள் முதலில் உயிலை எரித்துவிட்டு வரட்டும், உட்கார்ந்து பேசுவோம்.

இரண்டாவது பதில், உங்களுக்குத்தான் இலவசமாக வீடு கொடுத்தாச்சே! இலவசம் என்ற வார்த்தையில் ஒரு தந்திரம் இருக்கிறது. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது அதில் ஒளிந்திருக்கிறது. இந்த நகரத்தின் சாக்கடையை அள்ளினவர்கள், கட்டடத்துக்கு மண் சுமந்தவர்கள், பிணம் எரித்தவர்கள் நாங்கள். எங்கள் உழைப்பில்தான் ஆற்றங்கரை மனை கிரவுண்டு கோடி ரூபாய் ஆச்சு. எங்களை எடுத்துவிட்டுக் கிடைத்த நிலத்தின் மதிப்பைக் கணக்குப் போட்டால், இலவசம் வாங்கினவர்கள் யார் என்று தெரியும்.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்களைச் சேர்த்திருக்கிறார்கள். சேரட்டும். நல்ல வீடுகள்தான், இடிய விடக்கூடாது. அவற்றைக் கட்டின கொத்தனும் சித்தாளும் நம்ம ஆட்கள்தான், எனக்கு அந்தச் சுவர் மேல் கோபம் இல்லை. ஆனால் பாரம்பரியம் என்று பாதுகாக்கும்போது முழுப் பாரம்பரியத்தையும் எழுதி வையுங்கள். தேக்குத் தூணுக்கு அடியில் பர்மிய விவசாயியின் நிலத்தை எழுதுங்கள். முற்றத்துக்கு வெளியே அந்தப் பதினொரு தடைகளை எழுதுங்கள்.

நாம கேட்க வேண்டியது என்ன? அரண்மனை வேண்டாம். ஒன்று, வாரியக் குடியிருப்பில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெண்ணின் பேரில் கிரயப் பத்திரம். செத்தால் பிள்ளைக்குத் தானாகப் போகிற பத்திரம். இரண்டு, இனி ஒரு குடும்பத்தையும் நகரத்துக்கு வெளியே தள்ளக்கூடாது. வாழ்ந்த இடத்திலேயே வீடு. மூன்று, 1892இன் உயிலை நிறைவேற்று. பஞ்சமி நிலம் எங்கே இருந்தாலும் மீட்டுக் கொடு. நான்கு, பெரும் சொத்துகள் கைமாறும்போது வாரிசு வரி. அந்த வரிப் பணம் நிலமற்றவனுக்கு நிலம் வாங்க.

கடைசிக் கோரிக்கையைச் சொன்னால் நம்ம கூட்டங்களிலேயே சிலர் சிரிக்கிறார்கள். நடக்கிற காரியமா என்கிறார்கள். 1953 முதல் 1985 வரைக்கும் முப்பத்திரண்டு வருஷம் இந்த நாட்டில் நடந்த காரியம்தான். சட்டத்தால் வந்தது, சட்டத்தால் போனது, சட்டத்தால் திரும்பவும் வரும். மிராசு கடவுள் கொடுத்ததில்லை, பட்டம் வானத்திலிருந்து விழவில்லை. எல்லாம் ஒரு மேசையில் ஒருவன் எழுதின காகிதம். அந்த மேசைக்கு நம்ம பிள்ளைகள் போய்ச் சேர வேண்டும். வழக்கறிஞர் படிப்பு படிக்கிற தோழர்கள் இதை வாசித்தால் ஒரு வேலை சொல்கிறேன். பெரும்பாக்கத்துக்கு வாருங்கள். மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு வீட்டிலும் யார் பேரில் ஆணை, யார் செத்தார், யார் வாரிசு என்று எழுதி எடுங்கள். லிப்ட் வேலை செய்யாவிட்டால் படியில் ஏறுங்கள். நமக்கான பாகப்பிரிவினையை நாமதான் எழுதத் தொடங்கணும்.